நாலு விரல் தண்ணீர்

“அந்தப் பிள்ளை ஒண்ணும் சொல்லலைன்னா ஒழுகலைன்னு அர்த்தம்.”

ஜன்னலுக்கு வெளியே இருந்து வந்த இந்தப் பேச்சு காதில் விழுந்தபோது குழல்வாய்மொழி முன்னறைத் தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, புது சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னவர் மசூது அண்ணன். வாசலில் நின்று டைல்ஸ்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு வந்துருங்க, தண்ணிய வடிச்ச கையோட வேலைய ஆரம்பிச்சிரலாம், கீழ ஒரு பிள்ளை காவலுக்குப் படுத்திருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் அதையும் சொன்னார். ஆக, அவள் சும்மா இருந்தாலே போதும், அது ஒரு சாட்சி. இருபத்திரண்டு வருஷமாக அவள் விடாமல் செய்துவருகிற காரியம் சும்மா இருப்பதுதான். அதற்கு ஊரில் முதல்முறையாக ஒரு மதிப்பு வந்திருக்கிறது, வந்த அன்றைக்கே அது பொய்யாகவும் இருக்கிறது. அவள் தலைக்கு நேர் மேலே மாடியின் முன்வராந்தா. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அதில் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. மழைநீர் போகிற குழாயின் வாயைப் பழந்துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, படிவாசலில் சிமெண்டால் ஒரு வரப்புக் கட்டி, நடவுக்கு வயலில் நிறுத்துவதுபோல நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க நின்றும் கீழே ஈரம் தட்டவில்லை என்றால் மசூது பூசிய வெள்ளைப் பூச்சு தேறிவிட்டது என்று பொருள். அப்புறம் அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள், அடியில் என்ன இருந்தது என்று யாரும் எந்தக் காலத்திலும் பார்க்க முடியாது. அடியில் ஒரு ஓட்டை இருக்கிறது. உளுந்து அளவு. போட்டவள் அவள். அதை அடைத்ததும் அவள்தான். எதை வைத்து அடைத்தாள் என்பதை நினைத்தால் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. சிரிப்பு கொஞ்சம் முந்திக்கொண்டது.

சீலிங் என்னவோ அழகாகத்தான் இருந்தது. சுற்றிலும் படிபோல இறங்கி, நடுவில் ஒரு நீள்வட்டம், விளிம்புக்குள் ஒளிந்திருக்கிற நீல விளக்கு. ஒழுகுகிற மேல்தளத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் கீழே சீலிங் போடவேண்டும் என்று பால்காரர் முதல் எல்லோரும் சொன்னார்கள். அப்பா குற்றாலிங்கம் கேட்கவில்லை. சீலிங்காரன் இப்ப சும்மா இருக்கான், அப்புறம் கிடைக்க மாட்டான் என்று முதலில் அதைப் போட்டுவிட்டார். போட்ட நாளிலிருந்து பட்டப்பகலில் நீல விளக்கை எரியவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். “பகல்ல எதுக்கு?” என்று அம்மா கேட்டால் “எரியுதான்னு பாக்கேன்” என்பார். தினமும் அது எரிந்தது, தினமும் அவர் பார்த்தார். சித்திரையில் ஒரு கோடைமழை அடித்தபோது, நீள்வட்டத்தின் ஓரத்தில் டீ சிந்தியதுபோல ஒரு கறை வந்தது. அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. ஆனியில் குற்றாலச் சாரல் தொடங்கிவிட்டால் இந்தத் தெருவுக்கு மூன்று மாசம் மழை நேராக விழாது, சாய்ந்து வராந்தாவுக்குள்தான் வந்து விழும். அதற்குள் முடித்தாகவேண்டும் என்று விசாரித்தபோதுதான் மசூது அகப்பட்டார். பத்து வருஷம் சவுதியில் இதே ஒழுகல் அடைக்கிற வேலையைப் பார்த்துவிட்டு இப்போதுதான் ஊருக்கு வந்திருந்தார். வந்ததும் முதல் காரியமாக முன்னறை சீலிங்கிலிருந்து ஒரு விளக்கைக் கழற்றினார். பலகைக்கு மேலே தண்ணீர் தேங்கிவிட்டு வேறெங்கேயோ போய்ச் சொட்டும், அதனால் பலகையைப் பார்த்துப் பிரயோசனமில்லை, இந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து மேலே இருக்கிற கான்கிரீட்டைப் பாருங்கள் என்றார். இப்போது அந்த வட்ட ஓட்டை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற ஆசிரியரின் கண்போல. அவள் பாயைவிட்டு எழுந்து நாற்காலியில் ஏறி டார்ச் அடித்தாள். காய்ந்த கான்கிரீட், ஒரு சிலந்தி, கொத்தனார் எப்போதோ மறந்துவிட்ட ஒரு கம்பித்துண்டு. சரியான இடம் அங்கிருந்து தெரியாது. அது மின்விசிறிக்கு இந்தப் பக்கம் ஒரு சாண். அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்: மேலே படிவாசலிலிருந்து தன் பாதத்தால் ஆறு அடி, கைப்பிடிச் சுவரிலிருந்து நாலு சாண். அந்த வீட்டில் அந்தக் கணக்கு வேறு யாருக்கும் தெரியாது என்பது ஒரு சின்னப் பெருமையாகக்கூட இருந்தது. அவள் மறுபடி படுத்துக்கொண்டாள்.

எல்லாம் அந்த வெயிலால் வந்தது. இரண்டாம் பூச்சுப் பூசிவிட்டு, மூணு நாளைக்கு யாரும் மேல ஏறக்கூடாது அக்கா, காயட்டும், அப்புறம் அது ரப்பர் மாதிரி ஆயிரும் என்று சொல்லிவிட்டு மசூது ஒரு கல்யாணத்துக்குக் கடையநல்லூர் போய்விட்டார். அம்மா ஆவுடையம்மாள் மறுநாள் காலையில் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். தூசி இல்லாமல், விரிசல் இல்லாமல், பீங்கான் தட்டுபோல வெள்ளை வெளேர் என்று ஒரு தளம், அதன்மேல் முழு வெயில். அம்மாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைக் குழல்வாய்மொழி பார்த்தாள். சிலருக்குக் கடலைப் பார்த்தால் வருவது. “ஏட்டி மொழி, சாரலுக்கு முந்தி ஒரு ஈடு வத்தல் போட்டுருவோமா?” “ஏறக்கூடாதுன்னாரே.” “நாம என்ன ஆனையா? சேலைய விரிச்சுப் பிழிஞ்சிட்டு இறங்கிருவோம்.” இறங்கினார்கள்தான். ஆனால் காக்கா வந்தது. காக்காவுக்குக் காவலாக மொழி அனுப்பப்பட்டாள். அப்பாவின் பழைய நீளக் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பலகைமேல் உட்கார்ந்து புத்தகம் படித்தாள். காக்கா சுவரில் உட்கார்ந்து அவளையும் வத்தலையும் மாறிமாறிப் பார்த்தது. சூ என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். எதிர்வீட்டில் யாராவது கேட்டால்? அதனால் எழுந்து நின்று காட்டலாம் என்று குடையை மடக்கி, ஊன்றி எழுந்தாள். ஊன்றியது உள்ளே போனது. அவ்வளவு மெதுவாக, இட்லியில் விரல் போவதுபோல. எடுத்துப் பார்த்தால் வெள்ளைக்கு நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. பூச்சுக்குள் பதித்திருந்த வலைத்துணியும் கிழிந்து சிமெண்டே தெரிந்தது. காக்காவைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் பிழிந்து மிஞ்சிய கூழ் கிண்ணத்தில் இருந்தது. அதுவும் வெள்ளை. அவள் கை அவளைக் கேட்காமல் அந்தப் பக்கம் போனது. ஒரு சுண்டுவிரல் கூழை எடுத்தாள். அதில் ஒரு சீரகம் இருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு ஓட்டைக்குள் அழுத்தி, மேலே வழித்து, ஈர விரலால் தடவிச் சமன் செய்தாள். சாயங்காலம் காய்ந்தபிறகு அவளுக்கே இடம் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலையை அவள் வாழ்நாளில் செய்ததில்லை.

கூழ் தண்ணீரில் கரையுமா? இந்தக் கேள்வி நேற்றிலிருந்து மின்விசிறிபோலச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் படித்தது வேதியியல், மாவுச்சத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறாள். பச்சைத் தண்ணீரில் கரையாது, சூடாக்கினால் உப்பிக் கூழாகும். சரி, ஏற்கெனவே கூழானதை வெயிலில் காயவைத்து மறுபடி பச்சைத் தண்ணீரில் போட்டால்? அது பாடத்தில் இல்லை. கூழ் வத்தலைக் கண்டுபிடித்தவர்கள் பாடப்புத்தகம் எழுதவில்லை. ஊறி உப்பினால் நல்லது, உப்பினால் ஓட்டையை இறுக்கமாக அடைத்துக்கொள்ளும், சவுதியில்கூட இப்படி ஒரு வித்தை தெரிந்திருக்காது. ஆனால் அம்மா உப்புப் போட்டிருக்கிறாளே, உப்பு முதலில் கரையும், கரைந்த இடத்தில் வழி உண்டாகும். பச்சைமிளகாய் வேறு அரைத்து ஊற்றியிருக்கிறாள். மிளகாய் நல்லதா கெட்டதா? இப்படி யோசித்துக்கொண்டே வந்ததில் ஓட்டையை விட்டுவிட்டு வத்தலுக்கு உப்புக் கூடிவிட்டதா என்ற கவலையில் போய் நின்றாள். கூடவில்லை. மத்தியானம் சாப்பிட்டபோது சரியாகத்தான் இருந்தது. மசூது அண்ணனும் அதைத்தான் சொன்னார். ஐயோ, மசூது அண்ணன். அம்மா அவருக்கும் இலை போட்டு அந்த வத்தலையே பொரித்து வைத்தாள். துளிக்கூடக் கண் சிமிட்டாமல் வைத்தாள். “வத்தல் அருமையா இருக்குக்கா, நல்ல வெயில்ல காஞ்சிருக்கு” என்றார் அவர். “ஆமா தம்பி, நல்ல வெயிலு” என்றாள் அம்மா. முந்தின நாள் அவர் வந்து “யாரும் மேல ஏறலையே?” என்று கேட்டபோதும் அம்மா அதே முகத்தோடுதான் “காக்கா கூட வரலை” என்றிருந்தாள். அதனால் மொழி இப்போது எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் அந்த நூலில் அம்மாவும் சேர்ந்து வெளியே வருவாள். அண்ணே, ஒரு ஓட்டை. எப்படி வந்தது? குடை. குடை எதுக்கு அங்க? காக்கா. காக்காவுக்கு அங்க என்ன வேலை? ஒவ்வொரு வாக்கியமும் அடுப்படியில் போய்த்தான் முடிந்தது.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பது அவளுக்குப் பழக்கம், சொல்வது பழக்கம் இல்லை. கல்லூரி இரண்டாம் வருஷத்தில் அவளைக் கூட்டிப்போன ஆட்டோக்காரர் முதல் நாளே “வாம்மா செல்வி” என்றார். வேறு யாரையோ நினைத்துக்கொண்டு சொல்கிறார், நாளைக்குச் சரியாகிவிடும் என்று விட்டாள். ஒரு வருஷம் செல்வியாக இருந்தாள். செல்விக்கு அவர் தன் மகள் கல்யாணப் பத்திரிகைகூடக் கொடுத்தார், செல்வி போய்ச் சாப்பிட்டுவிட்டும் வந்தாள். இன்னொரு தடவை பஸ்ஸில் ‘எறங்கணும்’ என்று சொல்ல வாய் வராமல், நம் நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்குவார்கள் என்று காத்திருந்து, யாரும் இறங்காமல் செங்கோட்டைவரை போய்விட்டாள். கண்டக்டர் “என்னம்மா, தென்காசி டிக்கெட்டு எடுத்திட்டு இங்க வந்து நிக்க?” என்றதற்கு, இங்க ஒரு வேலை என்று சொல்லி, அந்தப் பொய்யை மெய்யாக்க மார்க்கெட்டில் நுழைந்து ஒரு பலாச்சுளைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பினாள். பலாச்சுளை நன்றாக இருந்தது. அவளுடைய வாயடைப்புகளால் இதுவரை பெரிதாக யாருக்கும் நஷ்டமில்லை, அவளுக்குத்தான் கொஞ்சம் அலைச்சல், சில சமயம் கொஞ்சம் பலாச்சுளை. இது அப்படி இல்லை. இந்தத் தெருவில் ஒரே கொத்தனார் கட்டிய ஆறு வீடு, ஆறுக்கும் இதே வராந்தா, ஆறிலும் இதே ஒழுகல். இது தேறினால் மற்ற அஞ்சு வீடும் மசூதுக்குத்தான். பக்கத்து வீட்டுச் செல்லையா சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவர் சரி என்று சொன்னால் மற்றவர்கள் சொன்ன மாதிரி. வேலை தொடங்கிய அன்றே அவர் மாடிக்கு வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “மழையே பெய்யாத ஊருக்குப் போயி மழைத்தண்ணிக்கு வைத்தியம் படிச்சிட்டு வந்திருக்காரு நம்ம ஆளு” என்றார். மசூது தூரிகையைக் கீழே வைக்காமலே சொன்னார்: “மழை பெய்யாதுதான் சார். ஆனா மொட்டைமாடியில நீச்சல்குளம் கட்டுவாம்லா? அதுக்கு நேர் கீழ அரபி சேக்கு படுத்திருப்பாரு. அவரு மூஞ்சில ஒரு சொட்டு விழுந்துச்சுன்னு வைங்க, அன்னைக்கே நமக்குப் பிளேன் டிக்கெட்.” சார் சிரிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். அப்புறம் மசூது கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னது மொழிக்குப் படியில் நின்றபோது கேட்டது. “பாஸ்போர்ட்ட எம்பொஞ்சாதி எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கா சார். தெருவுல ஆறு வீடும் அமைஞ்சிட்டா எங்கன்னு கேக்கவே மாட்டேன்.”

நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. குளிர்ந்த, தெளிவான, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு சொட்டு. முடிந்தது என்று நினைத்தாள். என்ன ஆச்சரியம், முதலில் வந்தது நிம்மதிதான். கூழ் கரைந்துவிட்டது, இனி ஒன்றும் சொல்லவேண்டாம், சீலிங்கே சொல்லிவிட்டது. கண்ணைத் திறந்தால் தலைமாட்டில் அம்மா ஈரக்கையை உதறிக்கொண்டு நின்றாள். “தூங்குதியா? காவலுக்கு வச்சா இவ கண்ணைச் செருகிக்கிட்டுக் கிடக்கா. எந்திரி, மூணே முக்கால் ஆவுது.” மொழி நெற்றியைத் துடைத்தாள். “அம்மா,” என்றாள். “என்ன?” “வத்தல்…” “வத்தலுக்கு என்ன இப்போ? டப்பாவுல இருக்கு, பொரிச்சித் தரணுமா?” என்ற அம்மா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைச் சடக்கென்று இறக்கி, “ஏளா, அதை யாருட்டயும் மூச்சு விட்டுராத. பாவம், அந்தத் தம்பி அவ்வளவு சொல்லிட்டுப் போச்சி. ஒண்ணும் ஆவலைல்லா? கல்லு மாதிரி இருக்குல்லா?” என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவுக்கும் உள்ளுக்குள் ஒரு சின்னக் கல் கிடக்கிறது என்று மொழிக்கு அப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் இலையில் அத்தனை வத்தல் வைத்தாளோ. மொழி நாற்காலியில் ஏறிக் கடைசியாக ஒருதடவை டார்ச் அடித்தாள். உலர்ந்த கான்கிரீட். அதே சிலந்தி. தாங்கிவிட்டது. இருபத்துநாலு மணி நேரம் ஒரு சுண்டுவிரல் கூழ் நாலு விரல் தண்ணீரைத் தாங்கிவிட்டது. ஒரு நாள் தாங்கினால் ஒரு சாரல் தாங்காதா? சாரல் மூன்று மாசம். அப்புறம் ஐப்பசி. அப்புறம் அடுத்த வருஷம். டைல்ஸ் இடுக்கு வழியே ஒரு எறும்பு மோப்பம் பிடித்துவிட்டால்? ஒன்று வந்தால் வரிசையாக வரும், கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டையிலிருக்கும் கூழைச் சாப்பிட்டுவிட்டுப் போகும். அப்புறம் ஒரு ஆடிமாசத்துப் பகலில் அப்பா நீல விளக்கைப் போட்டு அண்ணாந்து பார்ப்பார். தெரு முழுக்க ஒரு வாய்வார்த்தை போகும்: சவுதிக்காரன் வேலை லட்சணத்தைப் பாத்தீங்களா. யாருமே எறும்பைக் குறை சொல்லமாட்டார்கள், குடையையும்.

மேலே காலடிகள். எல்லோரும் வந்துவிட்டார்கள். அவள் படியேறியபோது வரப்புக்கு இந்தப் பக்கம் மசூது, செல்லையா சார், டைல்ஸ்காரர், அவர்களுக்குப் பின்னால் அம்மா. தண்ணீர் அசையாமல் கிடந்தது. வெள்ளைத் தளத்தின்மேல் நின்றதால் அது தண்ணீராகத் தெரியவில்லை, வானத்தையே கொஞ்சம் கொண்டுவந்து கொட்டிவைத்தது மாதிரி இருந்தது, மலைப்பக்கத்து மேகம் ஒன்று அதில் மெல்ல நடந்தது. எவ்வளவு அழகு, இதை இப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று சம்பந்தமில்லாமல் தோன்றியது.

“இன்னைக்கி ஒழுகலை, ஒத்துக்கிடுதேன்,” என்றார் சார். “நாளைக்கி?”

“பத்து வருஷம் சார். என் பேர்ல எழுதித் தாரேன். ஒரு சொட்டு இறங்கினாலும் பூராத்தையும் பேத்து எடுத்திட்டு நான் சும்மாவே பூசித் தாரேன். உங்க வீட்டுக்கும் அப்படித்தான்.”

“எழுதும் பாப்போம்.”

மசூது டைல்ஸ் பெட்டியின் அட்டை ஒன்றைக் கிழித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டுக்கொண்டார். எழுதப்போனவர் நிறுத்தி அவளைப் பார்த்துச் சிரித்தார். “தங்கச்சிட்ட கேட்டுருவோம். நேத்துல இருந்து பாத்துக்கிட்டே இருந்தது அதுதான. என்னம்மா, ஈரம் ஏதும் கண்டுச்சா?”

“இல்ல,” என்றாள் மொழி. உண்மை. இத்தனை நேரம் யோசித்த அத்தனை வாக்கியங்களில் இந்த ஒரு சொல்தான் வெளியே வந்தது, அதுவும் முழு உண்மையாக வந்து அவரை மாட்டிவிட்டது.

“கேட்டுக்கிட்டீங்களா சார்?” மசூது அட்டையைத் தொடையில் வைத்து எழுத ஆரம்பித்தார். பெரிய பெரிய எழுத்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலச் சொல்லிக்கொண்டே எழுதினார். கடையநல்லூர் செய்யது மசூதாகிய நான். மொழி அந்தப் பென்சிலைப் பார்த்தாள். அது நகர்ந்துகொண்டிருந்தது. மசூதாகிய நான், இந்த வீட்டு மாடி வராந்தாவுக்கு. அம்மா பின்னாலிருந்து எதையோ முனகினாள், முருகா என்பதுபோல இருந்தது. இன்று முதல் பத்து வருஷத்துக்கு. ஒரு சொல் எழுத இவருக்கு இவ்வளவு நேரம் ஆகிறதே என்றும், இவ்வளவு சீக்கிரம் ஆகிறதே என்றும் ஒரே சமயத்தில் தோன்றியது. பஸ் நின்று, யாரும் இறங்காமல், மறுபடி நகரத் தொடங்குகிற அந்த நிமிஷம்.

அவள் சுடிதார்க் காலை முட்டிக்குமேல் சுருட்டிவிட்டாள்.

“ஏட்டி, எங்க போற? பூச்சு போயிரும்!” என்றாள் அம்மா.

மொழி வரப்பைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கினாள். ஒன்று, இரண்டு என்று பாதத்தோடு பாதம் சேர்த்து வைத்து ஆறு அடி போனாள். மேகம் கலைந்தது. கைப்பிடிச் சுவரிலிருந்து சாண் வைத்து அளந்தாள், நாலு. பிறகு குந்தி உட்கார்ந்து, துப்பட்டா நனைவதைப் பாராமல், தண்ணீருக்குள் கையைவிட்டு நகத்தால் சுரண்டினாள். சுரண்டியதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, வந்த வழியே நடந்து வந்து, மசூதின் முன்னால் கையை நீட்டினாள்.